அரை ஷட்டருக்குக் கீழே ஒரு வால்

அத்தியாயம் 9

நாய்க்காரர் பொய் சொல்லவில்லை. அதுதான் தொல்லையாக இருந்தது.

பொய் சொல்லும் சாட்சி என்றால் சில்லறைக்குக் கொள்ளைப் பிரியம். பதினைந்து வருடம் துணிக்கடையில் கெஜக்கோல் பிடித்தவன் அவன். சாயம் போகிற துணியை ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தெரியும். இந்த மனிதரை அரைமணி நேரமாகத் தேய்த்தாயிற்று. ஒரு சொட்டுச் சாயம் வரவில்லை.

துணிக்கடையில் வாடிக்கையாளர் கேட்காமலே ஜோக்குகளை உதிர்த்ததால் வந்த பெயர் சில்லறை. இப்போது தலை பாதி நரைத்து, துப்பறியும் மேடத்துக்கு உதவியாளனாக இருக்கிறான். உதிர்ப்பது நிற்கவில்லை. மேடத்துக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது, அரைக்கண். இமைகள் எப்போதும் பாதி மூடியே இருக்கும். தூங்குகிறார் என்று நினைத்து வாய்விட்டவர்கள் நான்கு பேர் இன்னும் சிறையில் இருக்கிறார்கள்.

எதிர்ச்சாரியில் தராசுக்கடை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, அந்தக் கடைக்குள் தராசு பழுதுபார்க்கும் பெரியவரை யாரோ ஐந்து கிலோ எடைக்கல்லால் மண்டையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். லிஃப்ட் ஆபரேட்டராக வேலை பார்க்கும் அவருடைய மகன் லாக்கப்பில் இருந்தான். முதல் நாள் அப்பனும் பிள்ளையும் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டதைத் தெருவே பார்த்திருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது. அது போய்விட்டால், பிறகு பிள்ளையை வெளியே எடுப்பது சுண்ணாம்பில் விழுந்த பாலை எடுப்பது போலத்தான். அவனுடைய அக்காதான் மேடத்தைத் தேடி வந்தவள். "தம்பி எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்" என்று அவள் சொன்னபோது சில்லறை உள்ளுக்குள் பெருமூச்சு விட்டான். எல்லாக் கொலைகாரனுக்கும் எறும்பு விஷயத்தில் நல்ல பெயர் உண்டு.

நாய்க்காரர் காவல் நாய்களைப் பழக்கி விற்பவர். முப்பது வருடத் தொழில். சம்பவத்தன்று தன் வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு குட்டிக்குக் கழுத்துப்பட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தார். தராசுக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அது வழக்கமில்லை, பெரியவர் மதியத்தில்கூட இறக்க மாட்டார் என்றார். அதற்கப்புறம் தான் பார்த்ததைப் போலீஸிடம் சொன்ன அதே வார்த்தைகளில், அதே வரிசையில் திருப்பிச் சொன்னார்.

"முழங்காலுக்குக் கீழதான் மேடம் தெரிஞ்சுது. சாம்பல் பேண்ட், கறுப்பு ஷூ. எதிர்ல பூனை. வாலை அப்படி ஆட்டுச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம். வாலைப் பாத்துச் சோறு திங்கறவன் நான். வேண்டியவன் வந்தாதான் அந்த ஆட்டு ஆட்டும்."

பிறகு நாய்களுக்குத் தீனி வைக்க உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கால்களும் இல்லை, பூனையும் இல்லை. பெரியவர் மட்டும் இருந்தார், தரையில்.

ஊரில் பாதிப் பேர் சாம்பல் பேண்ட் போடுகிறவர்கள். மீதிப் பேர் அதைத் துவைக்கப் போட்டிருப்பவர்கள். ஆகவே போலீஸ் பேண்டை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டது. தராசுக்கடையில் வளர்ந்த அந்தப் பூனை யாரிடம் ஒட்டும் என்று பெரியவரின் மகளையே கேட்டார்கள். அப்பாவிடமும் தம்பியிடமும்தான் என்றாள் அவள், கேட்ட கேள்விக்கு உண்மையாக. அப்பா பிணமாகிவிட்டார். மிச்சம் தம்பி. தன் வாயாலேயே தம்பிக்கு விலங்கு மாட்டியது அவளுக்குப் புரிந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது.

மேடம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நீங்க பூனை வளர்த்திருக்கீங்களா?"

இத்தனை நாய்க்கு நடுவில் பூனையா, நல்ல கேள்வி என்று நாய்க்காரர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே, உட்கார்ந்த மாதிரியே அவரை உட்காரச் சொன்னார். தானும் பக்கத்தில் குந்தினார். பிறகு உதவியாளனைப் பார்த்தார்.

"சில்லறை, நீ போய் ஷட்டரைப் பாதி இறக்கு. உள்ள நின்னு பூனையைக் கொஞ்சு."

"பேண்ட் பழுப்பு கலர் மேடம்."

"பூனைக்கு அது தெரியாது. போ."

தராசுக்கடை ஒரு பெரிய பீரோ அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கத் தட்டுகள், சங்கிலிகள், முள்ளுகள். அலமாரியில் வரிசையாக எடைக்கற்கள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு, அதில் கொண்டுவந்து கொடுத்தவரின் கடைப் பெயர். தரையில் ஓர் இடத்தைக் கழுவியிருந்தார்கள். எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தார்களோ அவ்வளவு நன்றாக அந்த இடம் தெரிந்தது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாளாக அவள் செய்துவந்த ஒரே வேலை, தினமும் வந்து கடையைத் திறந்து பூனைக்குச் சாப்பாடு வைப்பது.

பூனைக்குக் கிராம் என்று பெயர். குட்டியாக வந்தபோது பெரியவர் எடைபோட்டுப் பார்த்து வைத்த பெயராம். இப்போது பெரிய மேஜைத்தராசின் தட்டில் படுத்திருந்தது. முள் நாலு கிலோவைத் தாண்டி நின்றது.

சில்லறை ஷட்டரை இறக்கிவிட்டு, பூனையைத் தூக்கித் தரையில் விட்டு, துணிக்கடைக் குழைவோடு குனிந்து முதுகைத் தடவினான். கிராம் அசையவில்லை. வாலின் நுனி மட்டும் ஒருமுறை சொடுக்கியது. இன்னும் கொஞ்சம் தடவினான். வால் முழுவதும் அசைய ஆரம்பித்தது. இடம், வலம், இடம், வலம். தரையில் பட்டுப் பட்டென்று சத்தம் வந்தது. படியாத வாடிக்கையாளர் படிந்துவிட்ட பெருமிதம் அவன் முகத்தில் பரவியது. மேடம் பார்க்கட்டும் என்று வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

அடுத்த நொடி அவன் புறங்கையில் நான்கு சிவப்புக் கோடுகள் இருந்தன. பூனை மறுபடி தட்டின் மேல் இருந்தது.

கையை உதறிக்கொண்டே வெளியே வந்தபோது, எதிர்வாசலில் நாய்க்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது. என்ன நடந்தது என்று மேடம் சுருக்கமாகச் சொன்னார். வால் ஆட ஆரம்பித்ததுமே, 'பாருங்க, அதே ஆட்டு, உங்க ஆளைப் பிடிச்சுப்போச்சு' என்று தொடையைத் தட்டினாராம் நாய்க்காரர். தட்டிய கை இறங்குவதற்குள் அலறல் கேட்டதாம்.

"அதே ஆட்டுதானே?" என்று மேடம் மறுபடி கேட்டார்.

"அதேதான்," என்றார் நாய்க்காரர் மெதுவாக. "அய்யோ, அந்தப் பையன்..." முப்பது வருடம் வாலைப் படித்தவர், அன்றைக்கு ஒரு வாலைத் தலைகீழாகப் படித்திருந்தார். நாய் ஆட்டினால் வா என்று அர்த்தம். பூனை ஆட்டினால், போய்விடு, இல்லாவிட்டால் கிழிப்பேன்.

மேடத்தின் கண்கள் முழுதாகத் திறந்திருந்ததைச் சில்லறை கவனித்தான். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற சமாச்சாரம். கைக்குட்டையைக் காயத்தில் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

உள்ளே போய் மேடம் மகளுக்கு எதிரே நின்றார். தம்பி வந்தால் பூனை என்ன செய்யும், ஒன்று விடாமல் சொல்லும்மா என்றார். அவள் யோசிக்கவே இல்லை. தம்பியின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே இறங்கிவிடுமாம். வாலைக் கம்பம் மாதிரி நேராகத் தூக்கிக்கொண்டு, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுமாம். காலில் உரசி உரசி அவனை நடக்கவிடாதாம்.

"வாலை ஆட்டுமா?"

"தம்பிக்கு ஆட்டாது மேடம். தூக்கிக்கிட்டுத்தான் வரும்."

"யாருக்காவது ஆட்டிப் பார்த்திருக்கியா?"

"அது எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான்." அவள் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. "அவர் காலால வயித்தைத் தடவிக் கொஞ்சுவார். அது படபடன்னு ஆட்டும். மாப்பிள்ளைக்குத் தனி மரியாதைன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார், மீசைக்குள்ள சிரிப்..."

வாக்கியம் அங்கே நின்றது. சிரிப்பு மட்டும் உதட்டில் ஒரு விநாடி மறந்துபோய்த் தங்கியிருந்தது. பிறகு அதுவும் போயிற்று. அவள் சில்லறையின் கையில் ஊறிய ரத்தத்தைப் பார்த்தாள். தட்டில் இருந்த பூனையைப் பார்த்தாள்.

மேடம் ஷட்டரைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "பெத்த பிள்ளையை நடுத்தெருவுல வச்சுத் திட்டினவர். அவனுக்காக எதுக்கு ஷட்டரை இறக்கப்போறார்? மானம் போகக்கூடாதுன்னு மூடி வச்சுப் பேச வேண்டிய ஆளு வேற."

பிள்ளையை அடிக்கலாம், மாப்பிள்ளையை முறைக்கக்கூடக் கூடாது. சில்லறைக்கும் ஒரு மாமனார் இருந்தார். அந்த மரியாதையின் கனம் அவனுக்குத் தெரியும்.

அவன் பைக்குள் கையை விட்டுப் போலீஸ் கொடுத்திருந்த போட்டோவை எடுத்தான். கொன்ற கல்லின் படம். காலையிலிருந்தே அதில் ஏதோ ஒன்று, தையல் பிரிந்த ஓரம் போல அவன் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அலமாரியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மேடம், இந்தக் கடையில சீட்டில்லாத கல்லு ஒண்ணு காட்டுங்க."

இல்லை. படத்தில் இருந்த கல்லின் கைப்பிடியில் நூல் முடிச்சு மட்டும் இருந்தது. சீட்டைக் காணோம்.

"அவசரத்துல விழுந்திருக்கும்னு போலீஸ் விட்டிருக்கும். விழுந்தா சீட்டு தரையில கிடக்கணுமே. கிழிச்சு எடுத்துட்டுப் போயிருக்கான். நல்ல கல்லுக்கு எவன் மேடம் சீட்டைக் கிழிப்பான்?"

மேடம் உடனே ஸ்டேஷன் அதிகாரிக்குப் போன் போட்டார். கொலைக்கல்லை எடைபோட்டீர்களா என்று கேட்டார். மறுமுனைச் சிரிப்பு சில்லறைக்கே கேட்டது. அதிலேயே ஐந்து கிலோ என்று வார்த்திருக்கிறதே மேடம், அதை எதற்குப் போடவேண்டும் என்றது. போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்போதுதான் ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. சாம்பல் பேண்ட், கறுப்பு ஷூ.

தட்டிலிருந்து கிராம் குதித்த வேகத்தில் முள் தடதடவென்று பூஜ்யத்துக்கு வந்து ஆடியது. பூனை பட்டறைப் பலகைக்கு அடியில் கடைசி மூலைக்குப் போய் ஒடுங்கியது. வால் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி மயிர் சிலிர்த்து இரண்டு மடங்காகியிருந்தது. அதை வயிற்றுக்கடியில் இழுத்து இறுக்கிக்கொண்டது.

மாப்பிள்ளை குனிந்து உள்ளே வந்தார். ஆணியும் கம்பியும் எடைபோட்டு விற்கும் கடைக்காரர். அமைதியான, அளந்து பேசுகிற மனிதர். மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்ததாகச் சொன்னார். மேடத்தை வணங்கினார். நாளைக்குக் கோர்ட் என்பதால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றும், மச்சினன் மேல் தனக்கும் பாசம் உண்டு, ஆனால் என்ன செய்வது என்றும் வருத்தப்பட்டார். வருத்தம் நல்ல தரமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்ததைச் சில்லறை மட்டும் கண்டுகொண்டான்.

"மனுஷன் பொய் சொல்லலாம் மேடம். வாயில்லாத ஜீவன் சொல்லுமா?"

"சொல்லாது," என்றார் மேடம். "உங்களைப் பார்த்தாலும் ஆட்டுமாமே?"

"ஆமா, என்மேலயும் ஒரு பிரியம். இப்ப எங்க அது?"

மகள் பட்டறைக்கு அடியில் பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் வரை இந்த மனிதரைக் கண்டால் கோபப்பட மட்டுமே தெரிந்திருந்த பூனை. இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அது எதைப் பார்த்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மேடத்தின் போன் அடித்தது. அவர் காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுத் தராசுத் தட்டில் வைத்தார். அதிகாரியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"நாலு கிலோ எழுநூறு மேடம். அடியில தோண்டி எடுத்துட்டு, மேல ஈயத்தைப் பூசிப் போலி முத்திரை குத்தியிருக்கு. யாரு கல்லு இது?"

மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஊரில் எத்தனையோ கடை, எத்தனையோ கல், யாருடையது என்று எப்படிச் சொல்வது என்று தன்னைக் கேட்காத கேள்விக்கு விடை சொன்னார். நியாயமான விடைதான். சீட்டு இல்லை, முகம் தெரியவில்லை, பூனை கூண்டேறாது. கோர்ட்டில் இது நிற்குமா என்று சில்லறை மனதுக்குள் முழம் போட்டுப் பார்த்தான். அரைமுழம் குறைந்தது.

அந்த அரைமுழத்தை அளந்து போட்டவள் மகள்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை. இறப்பதற்கு நாலு நாள் முன்னால் அப்பா தங்கள் கடைக்கு வந்ததை மேடத்திடம் சொன்னாள். வியாபார மேஜை மேல் இருந்த ஐந்து கிலோ கல்லை நகர்த்தப் போனவர், கையில் தூக்கியதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாராம். அப்பாவின் கையே தராசு. பத்து கிராம் பிசகினால் தெரிந்துவிடும். துரு பிடித்திருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு போனாராம். "அதுல துருவே இல்லை மேடம். நான்தான் தினம் துடைக்கிறேன்."

"நீ சும்மா இரு," என்றார் மாப்பிள்ளை. "வா, வீட்டுக்குப் போகலாம்."

"என்னங்க," என்றாள் அவள். "காலைக் காட்டுங்க."

அவர் நின்றார்.

"இடது காலு. கம்பி கிழிச்சிடுச்சுன்னு சொன்னீங்க. பன்னெண்டு நாளா இந்தக் கையாலதான் மருந்து போடறேன். நாலு கோடு. கம்பி நாலு கோடா, ஒரே இடைவெளியில கிழிக்குமான்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

சில்லறை தன் புறங்கையின் கட்டை அவிழ்த்தான். ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான். கையை மட்டும் நீட்டிக் காட்டினான்.

மாப்பிள்ளை ஷட்டர் பக்கம் திரும்பினார். வெளியே நாய்க்காரர் நின்றிருந்தார். இரண்டு பெரிய நாய்களைக் கையில் பிடித்திருந்தார். அவற்றின் வால்கள் ஆடவில்லை, விறைத்து நின்றன. அது என்ன மொழி என்பதில் இந்தத் தடவை அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"மாமா கேக்கவே இல்லை," என்றார் மாப்பிள்ளை கடைசியில், யாரையும் பார்க்காமல். "கல்லைக் குடுங்க, மாத்திடறேன்னு சொன்னேன். நாளைக்கே நீயே எடை முத்திரை ஆபீஸ்ல கொண்டுபோய் ஒப்படைச்சிடு, இல்லேன்னா நான் குடுப்பேன்னார். ரெண்டு பேரும் கல்லைப் பிடிச்சு இழுத்தோம். அந்த நேரம் பார்த்து அது காலைக் கிழிச்சுது."

பூனையின் மேல் பாதிப் பழியைப் போடப் பார்க்கிறார் என்று சில்லறைக்குத் தோன்றியது. வியாபாரி கடைசி நிமிஷத்திலும் பேரம் பேசுவான். இழுபறியில் கைதவறிய கல், பெரியவரின் பின்மண்டையில் இரண்டு தடவை எப்படி விழும் என்று மேடம் கேட்டார்.

ஜீப் வந்தது. விலங்கு பூட்டும் சத்தத்தை மகள் குனிந்தபடியே கேட்டாள். மச்சினன் காலைக்குள் வெளியே வந்துவிடுவான் என்று அதிகாரி அவளிடம் சொல்லப் போனார். மச்சினன் என்ற வார்த்தை யாருக்கு யார் என்று யோசித்து, "உங்க தம்பி" என்று திருத்திக்கொண்டார்.

மேடம் ஷட்டரை முழுக்கத் தூக்கப் போனார். வேண்டாம் மேடம், பாதியிலேயே இருக்கட்டும் என்றாள் அவள்.

அந்த அரை வெளிச்சத்தில் கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு ஜோடி பூட்ஸ், நடுவில் கறுப்பு ஷூ. இடது கால் இலேசாகத் தாங்கி நடந்தது. கிராம் பட்டறைக்கு அடியிலிருந்து மெதுவாக வந்து அவளுடைய பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வாலை உடம்போடு சுற்றி வைத்திருந்தது. நுனி மட்டும் சொடுக்கிக்கொண்டே இருந்தது.

கறுப்பு ஷூ ஷட்டரின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது. வால் அசைவு நின்றது.

அவள் கையை நீட்டிப் பூனையைத் தொடவில்லை. அது என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தாள்.